ரோடி (இசைச் சுற்றுப்பயணப் பணியாளர்)

ரோடி என்பவர், ஊர் ஊராகச் சென்று நிகழ்ச்சி நடத்தும் இசைக்குழுவுடன் பயணம் செய்து, மேடை, ஒலி, ஒளி, இசைக்கருவிகள் ஆகியவற்றை அமைத்து, இயக்கி, நிகழ்ச்சி முடிந்ததும் பிரித்து, அடுத்த ஊருக்கு ஏற்றி அனுப்பும் பணியாளர் ஆவார். சாலையைக் குறிக்கும் 'ரோடு' என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது. இன்று இத்துறையினருள் பலர் இப்பெயரைவிடத் 'தொழில்நுட்பர்' அல்லது 'பணிக்குழுவினர்' என்று அழைக்கப்படுவதையே விரும்புகின்றனர். இக்கட்டுரை அமெரிக்கா, கனடா, ஐரோப்பா ஆகிய இடங்களில் நடைபெறும் ராக், பாப் இசைச் சுற்றுப்பயணங்களின் பணிக்குழுக்களைப் பற்றியது.

பார்வையாளருக்கு ஓர் இசை நிகழ்ச்சி இரண்டு அல்லது இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பணிக்குழுவுக்கோ அது விடியற்காலையில் தொடங்கி நள்ளிரவைத் தாண்டி முடியும் ஒரு வேலைநாள். அந்த நாள் ஒழுங்காக நடந்தால் அவர்கள் இருப்பதே யாருக்கும் தெரியாது. ஒழுங்கு தவறினால் உயிரிழப்பு வரை செல்லக்கூடும்.

வரலாறு

1960களின் தொடக்கத்தில் பெரிய இசைக்குழுக்களுக்குக்கூட ஓரிரு உதவியாளர்களே இருந்தனர். பீட்டில்ஸ் குழுவுக்கு நீல் ஆஸ்பினால், மால் எவன்ஸ் என்னும் இருவர் வேன் ஓட்டுவது முதல் கருவிகளை மேடையில் வைப்பது வரை எல்லா வேலைகளையும் செய்தனர். ஆஸ்பினால் கணக்கியல் பயிற்சி பெற்றுவந்தவர். எவன்ஸ் தொலைபேசித் துறைப் பொறியாளர். ஆஸ்பினால் பிற்காலத்தில் பீட்டில்ஸ் குழுவின் ஆப்பிள் கோர் நிறுவனத்திற்கே தலைமை தாங்கினார்.

1965 ஆகத்து 15 அன்று நியூயார்க்கின் ஷே விளையாட்டரங்கில் பீட்டில்ஸ் பாடியபோது சுமார் 55,600 பேர் கூடினர். மேடையில் 100 வாட் ஆம்ப்ளிஃபையர்கள் இருந்தன. பாடகரின் குரல், விளையாட்டு அறிவிப்புகளுக்காக அரங்கில் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருந்த ஒலிபெருக்கிகளின் வழியாகவே வந்தது. கூட்டத்தின் கூச்சலில் பாட்டு காதில் விழவில்லை. பாடியவர்களுக்கே தங்கள் குரல் கேட்கவில்லை. கூட்டம் இவ்வளவு பெருகிய பின், அந்தந்த ஊரில் இருக்கும் கருவிகளை நம்ப முடியாது என்பது தெளிவாயிற்று. கருவிகளைக் கூடவே கொண்டு செல்ல வேண்டும். அவற்றை அறிந்த ஆட்களும் கூடவே செல்ல வேண்டும். 1966இல் பென்சில்வேனியாவைச் சேர்ந்த கிளேர் சகோதரர்கள், தம் ஊர்ப்பக்கம் பாட வந்த ஃபோர் சீசன்ஸ் குழுவுடன் தங்கள் ஒலியமைப்பை எடுத்துக்கொண்டு பயணம் செய்யத் தொடங்கினர். சுற்றுப்பயண ஒலியமைப்பு தனித் தொழிலாக வளர்ந்தது இவ்வாறுதான்.

1974இல் கிரேட்ஃபுல் டெட் குழு, 'ஒலிச் சுவர்' எனப்பட்ட மாபெரும் ஒலியமைப்பைக் கொண்டு சென்றது. 600க்கும் மேற்பட்ட ஒலிபெருக்கிகளைக் கொண்ட அது ஏறத்தாழ 75 டன் எடை இருந்தது. அதைக் கட்டிப் பிரிக்க ஒரு நாள் போதாது என்பதால் இரண்டு மேடைகள் உருவாக்கப்பட்டன. ஒன்றில் நிகழ்ச்சி நடக்கும்போதே மற்றொன்று அடுத்த ஊரில் எழும்பிக்கொண்டிருக்கும். செலவும் உழைப்பும் தாங்க முடியாமல் அவ்வாண்டு இறுதிக்குள் அந்த அமைப்பு கைவிடப்பட்டது. ஆனால் அந்த உத்தி நிலைத்தது. 2009 முதல் 2011 வரை நடந்த யூ2 குழுவின் '360°' சுற்றுப்பயணத்தில், ஏறத்தாழ 50 மீட்டர் உயரமுள்ள ஒரே மாதிரியான மூன்று எஃகுக் கட்டமைப்புகள் ஊர்விட்டு ஊர் மாறி மாறிப் பயன்படுத்தப்பட்டன.

பணிப்பிரிவுகள்

ஒருவரே எல்லாம் செய்த காலம் போய், இன்று ஒவ்வொரு வேலைக்கும் தனித் தேர்ச்சி பெற்றவர்கள் உள்ளனர்.

• சுற்றுப்பயண மேலாளர்: கலைஞர்களின் பயணம், தங்குமிடம், நேர அட்டவணை, பணக்கணக்கு ஆகியவற்றைப் பார்ப்பவர்.
• தயாரிப்பு மேலாளர்: மேடை, கருவிகள், சரக்குந்துகள், ஆட்கள் ஆகிய அனைத்திற்கும் பொறுப்பானவர்.
• மேடை மேலாளர்: எந்தப் பொருள் எப்போது மேடைக்கு வர வேண்டும் என்ற வரிசையைக் காப்பவர்.
• ரிக்கர்: கூரையிலிருந்து எடைகளைத் தொங்கவிடும் கம்பிகளையும் சங்கிலிகளையும் பொருத்துபவர். அரங்கின் கூரைச் சட்டங்களில் ஏறி வேலை செய்பவர்.
• ஒலிப் பொறியாளர்கள்: ஒருவர் கூட்டத்தின் நடுவே அமர்ந்து மக்களுக்குக் கேட்கும் ஒலியைக் கலப்பார். மற்றொருவர் மேடையோரத்தில் இருந்து, கலைஞர்களின் காதுக்குச் செல்லும் ஒலியைக் கவனிப்பார்.
• ஒளி, காணொளிப் பணியாளர்கள்: விளக்குகளையும் திரைகளையும் அமைத்து இயக்குபவர்கள்.
• கருவித் தொழில்நுட்பர்கள்: கித்தார், டிரம், கீபோர்டு ஆகியவற்றைச் சுருதி சேர்த்து, நிகழ்ச்சியின் நடுவே நரம்பு அறுந்தால் நொடிகளில் மாற்றுக் கருவியைக் கையில் கொடுப்பவர்கள்.
• ஓட்டுநர்கள், சமையற்குழுவினர், உடைப் பொறுப்பாளர்கள்.

இவர்களைத் தவிர ஒவ்வோர் ஊரிலும் உள்ளூர்த் தொழிலாளர்கள் அன்றைய வேலைக்கு அமர்த்தப்படுவர். அமெரிக்காவின் பல நகரங்களில் இவர்கள் 1893இல் தொடங்கப்பட்ட ஐயாட்சி என்னும் மேடைத் தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினர்கள்.

ஒரு நாளின் போக்கு

உள்ளரங்க நிகழ்ச்சி ஒன்றில் வேலை வழக்கமாகக் காலை ஆறு, ஏழு மணிக்கு வெற்றுத் தரையில் தொடங்கும். ரிக்கர்கள் தரையை அளந்து, மேலே எந்த இடத்திலிருந்து எடை தொங்க வேண்டுமோ அதற்கு நேர்கீழே சுண்ணக்கட்டியால் குறியிடுவர். கூரையில் இருப்பவர்கள் கயிறு இறக்கிச் சங்கிலிகளை மேலே இழுத்துப் பொருத்துவர். எடையைத் தூக்குபவை மின்சாரச் செயின் பிளாக்குகள். தொழிற்சாலைகளில் செயின் பிளாக் மேலே தொங்கிக்கொண்டு, கீழுள்ள பொருளை இழுக்கும். இசைச் சுற்றுப்பயணத்தில் அது பெரும்பாலும் தலைகீழாகப் பொருத்தப்படும். சங்கிலி மட்டும் கூரைக்குச் செல்ல, கனமான மோட்டார் தன் சுமையோடு தானே மேலேறும். இதனால் கூரையில் இருப்பவர் மோட்டாரின் எடையை மேலே இழுக்க வேண்டியதில்லை.

முதலில் விளக்குகள், பிறகு ஒலிபெருக்கிகளும் திரைகளும் என மேலே தொங்க வேண்டியவை முன்னதாகச் செல்லும். இவ்வேலை நடக்கும்போது மேடை அரங்கின் மறுகோடியில் கட்டப்பட்டு, கடைசியில் சக்கரங்களில் தள்ளிக்கொண்டு வரப்படும். தலைக்கு மேல் எடை ஏறும் நேரத்தில் கீழே ஆட்கள் நிற்கக் கூடாது என்பதே இந்த ஏற்பாட்டின் முதற்காரணம். நண்பகலுக்குப் பின் கருவிகள் மேடைக்கு வரும். ஒவ்வொரு ஒலிவாங்கியும் தனித்தனியே சோதிக்கப்படும். மாலையில் கலைஞர்கள் வந்து ஒலிச்சோதனை செய்வர். அதன்பின் கதவுகள் திறக்கப்படும்.

கடைசிப் பாடல் முடிந்து கூட்டம் கலையத் தொடங்கும்போதே பிரிக்கும் வேலை ஆரம்பமாகும். எட்டு மணி நேரத்தில் கட்டியதை மூன்று, நான்கு மணி நேரத்தில் பிரித்துவிடுவர். இதில் மாணவர்கள் கவனிக்கத்தக்க ஒழுங்கு ஒன்று உண்டு. காலையில் முதலில் மேலே சென்ற செயின் பிளாக்குகள் இரவில் கடைசியாகக் கீழே இறங்கும். சரக்குந்திலும் கடைசியாகவே ஏறும். ஆகவே அடுத்த ஊரில் கதவைத் திறந்ததும் கைக்கு முதலில் கிடைப்பவையும் அவையே. தவறான இடத்தில் ஏற்றப்பட்ட ஒரே ஒரு பெட்டி, மறுநாள் நூறு பேரைக் காத்திருக்க வைக்கும்.

பேருந்து வாழ்க்கை

பிரித்து முடிந்ததும் பணியாளர்கள் குளித்துவிட்டுப் படுக்கைப் பேருந்தில் ஏறுவர். ஒரு பேருந்தில் பெரும்பாலும் 12 படுக்கைகள் இருக்கும். அவை மூன்று அடுக்குகளாக அமைந்திருக்கும். ஒவ்வொன்றிலும் ஒருவர் படுக்கலாம், நிமிர்ந்து உட்கார முடியாது. திரைச்சீலை ஒன்றே தனிமை. கால்கள் வண்டியின் முன்புறம் நோக்கி இருக்குமாறு படுப்பது வழக்கம். ஓட்டுநர் திடீரெனப் பிரேக் போட்டால் தலை சென்று மோதாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. பேருந்தின் கழிப்பறையைச் சிறுநீர் கழிக்க மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது எல்லாக் குழுக்களிலும் எழுதப்படாத சட்டம்.

ஓட்டுநரின் நாள் நேர்மாறானது. பணிக்குழு உழைக்கும் பகலில் அவர் விடுதியறையில் உறங்குவார். அவர்கள் உறங்கும் இரவில் அவர் விழித்திருப்பார். ஓட்டுநரின் ஓய்வுக்குச் சட்டம் உண்டு. அமெரிக்காவில் பயணிகள் பேருந்து ஓட்டுநர் 8 மணி நேரம் ஓய்வு எடுத்த பின் அதிகபட்சம் 10 மணி நேரமே ஓட்டலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை கட்டாயம். ஆனால் அதே பேருந்தில் உறங்கும் ரிக்கர், மூன்று மணி நேரத் தூக்கத்திற்குப் பின் கூரையில் ஏறுவது பல சுற்றுப்பயணங்களில் நடப்பதுதான்.

பிறந்தநாள், திருமணம், பிள்ளையின் பள்ளி விழா எனப் பலவற்றைத் தொலைபேசியில் பார்ப்பதே இவ்வாழ்க்கையின் இயல்பு. மாதக்கணக்கில் நீண்ட பயணம் முடிந்து வீடு திரும்பியவர்களுக்கு, அட்டவணை இல்லாத நாட்கள் வெறுமையாகத் தோன்றுவதும் உண்டு.

ஆபத்துகள்

2011 ஆகத்து 13 அன்று இண்டியானா மாநிலக் கண்காட்சியில், புயற்காற்றில் மேடைக் கூரை சரிந்து 7 பேர் இறந்தனர். மேலே கட்டமைப்பில் பணியில் இருந்த மேடைத் தொழிலாளர் ஒருவரும் அவர்களுள் அடங்குவார். 2012 சூன் 16 அன்று டொராண்டோவில் ரேடியோஹெட் குழுவின் நிகழ்ச்சிக்கு முன், மக்கள் உள்ளே வருவதற்குள் மேடைக் கூரை இடிந்து விழுந்தது. மேடையில் கருவிகளைச் சரிசெய்துகொண்டிருந்த டிரம் தொழில்நுட்பர் உயிரிழந்தார். தொடரப்பட்ட வழக்கு, காலதாமதம் காரணமாக 2017இல் நிறுத்தப்பட்டது. 2019இல் நடந்த மரண விசாரணை, தற்காலிக மேடைகளின் பாதுகாப்பை வலுப்படுத்தப் பரிந்துரைகள் வழங்கியது.

வான் ஹேலன் குழுவின் ஒப்பந்தத்தில் இருந்த ஒரு விதி இங்கு நினைவுகூரத்தக்கது. உடை மாற்றும் அறையில் வைக்கும் எம் அண்ட் எம் மிட்டாய்களில் பழுப்பு நிற மிட்டாய் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று அது கூறியது. நட்சத்திரங்களின் ஆணவம் என்று பலர் இதைக் கேலி செய்தனர். பாடகர் டேவிட் லீ ராத் பின்னர் தந்த விளக்கம் வேறு. கூரை தாங்கும் எடை, மின்சாரத் தேவை போன்றவை நிறைந்த அந்த நீண்ட ஒப்பந்தத்தை உள்ளூர் அமைப்பாளர் முழுமையாகப் படித்தாரா என்று அறியவே அவ்விதி வைக்கப்பட்டதாம். பழுப்பு மிட்டாய் கண்ணில் பட்டால் மேடை முழுவதையும் மறுபடி சோதிப்பர்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து இரைச்சல். அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையாஷ், நாளொன்றுக்கு 85 டெசிபல் ஒலியை 8 மணி நேரம் வரை கேட்கலாம் என்றும், ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் அந்த நேரம் பாதியாகும் என்றும் பரிந்துரைக்கிறது. 88 டெசிபல் என்றால் 4 மணி நேரம்; 91 என்றால் 2 மணி நேரம். இப்படியே கணக்கிட்டால் 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடமே கிடைக்கும். ராக் நிகழ்ச்சிகளில் 100 டெசிபல் அரிதன்று. பார்வையாளர் அதை ஓர் இரவு கேட்கிறார். பணியாளர் வாரத்தில் நான்கைந்து இரவுகள் கேட்கிறார். காதடைப்பான் இவர்களுக்கு ஒரு கருவியே ஆகும்.

ஊதியமும் பாதுகாப்பும்

பெரும்பாலோர் நிறுவன ஊழியர்கள் அல்லர். ஒரு சுற்றுப்பயணத்திற்கு ஒப்பந்தம், வார ஊதியம், நாள்தோறும் சாப்பாட்டுப் படி என்பதே வழக்கமான முறை. பயணம் முடிந்தால் அடுத்த அழைப்பு வரும்வரை வருமானம் இல்லை. இதன் பலவீனம் 2020 மார்ச்சில் வெளிப்பட்டது. கொரோனாப் பெருந்தொற்றால் சில நாட்களுக்குள் சுற்றுப்பயணங்கள் அனைத்தும் நின்றன. 2020 ஆகத்து 11 அன்று பிரித்தானியாவில், அரசின் உதவி கோரி அரங்குகளும் கட்டடங்களும் சிவப்பு விளக்கால் ஒளியூட்டப்பட்டன. பலர் கட்டடவேலை, பொருள் வினியோகம் போன்ற தொழில்களுக்கு மாறினர். 2021க்குப் பின் நிகழ்ச்சிகள் மீண்டும் தொடங்கியபோது தேர்ந்த ஆட்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. பல்லாண்டுப் பழக்கத்தால் வரும் இத்தேர்ச்சியை உடனே ஈடுசெய்ய முடியவில்லை.

இதன்பின் பணியாளர் நலன் பற்றிய பேச்சு பெருகியது. 2023இல் டெய்லர் சுவிஃப்ட் தம் சுற்றுப்பயணச் சரக்குந்து ஓட்டுநர்களுக்குத் தலா 1,00,000 டாலர் ஊக்கத்தொகை வழங்கியதாக வெளியான செய்தி பரவலாகப் பேசப்பட்டது. அது விதிவிலக்கு. ஓய்வு நேரம், காப்பீடு, மனநல உதவி ஆகியவையே பெரும்பாலோரின் கோரிக்கைகள்.

பண்பாட்டில்

மோட்டர்ஹெட் குழுவின் லெம்மி, ஜிமி ஹென்றிக்சிடம் ரோடியாக இருந்தவர். அக்குழு 1980இல் பணிக்குழுவினரைப் பற்றியே ஒரு பாடல் வெளியிட்டது. ஒயேசிஸ் குழுவின் நோயல் கேலகர், புகழ்பெறும் முன் இன்ஸ்பைரல் கார்பெட்ஸ் குழுவின் ரோடியாக இருந்தார். ஜாக்சன் பிரவுன் 1977இல் வெளியிட்ட 'தி லோட் அவுட்' என்னும் பாடல், மக்கள் சென்ற பின் காலியான அரங்கில் மேடையைப் பிரித்து ஏற்றும் தொழிலாளர்களைப் பற்றியது. பணிக்குழுவினர் பலர் தங்களுடையது என்று சொல்லிக்கொள்ளும் பாடல் அது. அது ஒலிப்பதிவு செய்யப்பட்டதும் சுற்றுப்பயண நிகழ்ச்சி ஒன்றில், மக்கள் முன்னிலையில்தான்.