நெல்லையப்பர் கோயில் மூங்கில் பூத்தால் என்ன ஆகும்?

சாயங்காலம் இருட்டுக்கடை அல்வாவுக்காக நெல்லை டவுனுக்கு வர்றவங்க, எதிரே இருக்கும் நெல்லையப்பர் கோயிலுக்குள்ளும் ஒரு எட்டு போயிட்டு வருவாங்க. சுவாமி சந்நிதி, அம்பாள் சந்நிதி, இசைத் தூண்கள், ஒரு செல்ஃபி. அவ்வளவுதான், கிளம்பிடுவோம்.

இரண்டு கோயில்களையும் இணைக்கும் சங்கிலி மண்டபத்துக்கு மேற்கே ஒரு நந்தவனம் இருக்கு. 1756-ல் திருவேங்கடகிருஷ்ண முதலியார் அமைத்தது. உள்ளே 100 தூண்களோடு சதுரமான வசந்த மண்டபம். நந்தவனம்னா பார்க் இல்லை. சாமிக்குப் பூ பறிக்கும் தோட்டம். அதைப் பராமரிக்கவே அந்தக் காலத்தில் தனியாக நிலம் எழுதிவைப்பாங்க. 'திருநந்தவனப்புறம்' என்ற பெயரில் சோழர் கல்வெட்டுகளில் இதைப் பார்க்கலாம்.

ஆனா இந்தக் கோயிலோட உண்மையான பழைய செடி பூச்செடி கிடையாது. மூங்கில்! தல விருட்சமே அதுதான். மூங்கில் காட்டுக்குள் லிங்கம் வெளிப்பட்டது என்பது தலபுராணம். ஊருக்கே 'வேணுவனம்' என்று ஒரு பெயர் உண்டு.

மூங்கில் பூக்குமா? பூக்கும். அது புல் வகை. நெல்லுக்குத் தூரத்துச் சொந்தம். நம்ம ஊர் முள் மூங்கில் ஏறக்குறைய 40, 50 வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கும். சேர்த்துவைத்த சத்தையெல்லாம் விதையில் கொட்டிவிட்டு, புதர் மொத்தமும் காய்ந்துவிடும். அந்த விதைதான் கடையில் நாம் வாங்கும் மூங்கிலரிசி.

சரி, முன்கூட்டியே ஒரு கன்று பிரித்து நட்டு வைத்தால் போதாதா? இங்கேதான் சிக்கல். சீனாவின் சுஜோ நகரில், ஓவியர் வென் ஜெங்மிங் (1470–1559) நட்டதாகச் சொல்லப்படும் விஸ்டீரியா கொடி ஒன்று இன்றும் பூக்கிறது. பக்கத்திலேயே 2006-ல் திறந்த புதிய அருங்காட்சியகத்தை வடிவமைத்த ஐ.எம்.பெய், அந்தக் கொடியிலிருந்து கிளை எடுத்து ஒட்டுக்கட்டி அங்கே வளர்க்கச் செய்தார். விஸ்டீரியாவுக்கு அது சரிப்படும். மூங்கிலுக்குச் சரிப்படாது. தாய்ப்புதரின் கிழங்கிலிருந்து பிரித்த கன்றுக்கும் தாயின் வயசுதான். எங்கே கொண்டுபோய் நட்டாலும், தாய் பூக்கும்போது பெரும்பாலும் அதுவும் பூத்துக் காயும். புது ஆயுசு வேண்டும்னா விதையிலிருந்து முளைத்த கன்றுதான் வேண்டும். விதையும் ரொம்ப நாள் தாங்காது, சில மாதங்களில் முளைப்புத்திறன் குறைந்துவிடும். எலியும் கிளியும் விட்டுவைக்கணும், அது வேற.

நிறமும் மணமும் பெரிசா இல்லாத, நெற்கதிர் மாதிரி தொங்கும் கொத்துதான் மூங்கில் பூ. இலை உதிர்ந்த கிளைகளில் அதை எப்போதாவது பார்த்தால், போட்டோ எடுத்த கையோடு கோயில் அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. விதை சேகரிக்கக் கிடைப்பது அந்த ஒரு பருவம்தான். மதியம் நடை சாத்திடுவாங்க. காலையிலோ சாயங்காலமோ போங்க.