மூங்கில் வில்லும் முப்பது மீட்டரும்

சேர்வராயன் மலையில், ஏற்காட்டு ஒன்றியத்து வெள்ளக்கடையில் ஒரு பையனுக்கு வில்மேல் ஆசை வந்தால், இன்று முதலில் அவன் கண்ணில் படுவது கைப்பேசியில் ஓடும் அமெரிக்கக் காணொளிதான். மரத்தின் மேல் பரண், கையில் கப்பிகள் சுழலும் காம்பவுண்டு வில், கீழே மான். அங்கே உரிமம் வாங்கிக்கொண்டு, பருவம் பார்த்து, வில்லோடு காட்டுக்குள் போகலாம். சேர்வராயன் மலையில் அந்த வாசல் மூடியிருக்கிறது. மூடியிருப்பதே சரி என்பது என் எண்ணம். அதற்காக வில்லே இந்தப் பக்கத்துக்கு அந்நியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

ஏற்காட்டுக்குத் தென்கிழக்கே நிற்கிறது கொல்லிமலை. அதை ஆண்ட வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று அடுத்தடுத்துத் துளைத்ததாக வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். மிகை இருக்கட்டும், வேட்டை வில்லின் வேகத்தைக் கண்ணால் பார்த்த ஒருவர்தான் அப்படி மிகைப்படுத்த முடியும். தருமபுரி, சேலம் வட்டாரத்து நடுகற்களிலும் வில்லேந்திய வீரர்கள் நிற்கிறார்கள். முற்றிய மூங்கிலைப் பிளந்து, நிழலில் காயவைத்து, இரு முனையும் ஒன்றுபோல வளையும்வரை சீவினால் வில். மருள் இலையை ஊறவைத்து உரித்த நாரைத் திரித்தால் நாண். அளவுகோலுக்கு வேலையில்லை, பிடிப்பவனின் கையும் தோளுமே அளவு.

சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிகள் வேட்டையை நம்பிப் பிழைத்தவர்கள் அல்ல. காஞ்சியிலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளில் மூத்தவன் வழியில் தோன்றியவர்கள் தாங்கள் என்பது அவர்களுடைய பழங்கதை. தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி 1909-இல் வெளிவந்த தர்ஸ்டனின் தொகுப்பிலும் அது இருக்கிறது. அவர்களுக்குச் சாமையும் தினையும் சோறு போட்டன. இந்த வட்டாரத்தில் வேட்டை பண்டிகையோடு ஒட்டி வந்தது. பொங்கல் முடிந்த கையோடு நாய்களைக் கூட்டிக்கொண்டு முயலுக்குப் போவது சேலம் பக்கத்தில் நெடுநாள் வழக்கம். மலையடிவாரத்து வாழப்பாடிச் சிற்றூர்களில் வங்காநரியை வலைபோட்டுப் பிடித்து, வாயைக் கட்டி, கூட்டத்தின் நடுவே ஓடவிடுவார்கள். நரி முகத்தில் விழித்தால் வெள்ளாமை செழிக்கும் என்று நம்பிக்கை.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். காடு எஸ்டேட்டாக மாறியது. வில் இருந்த இடத்தைத் துப்பாக்கி பிடித்துக்கொண்டது. உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கும்படி காவல்துறை மலைக்கிராமங்களில் இன்றும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அப்போதும் சில விலங்குகளை உரிமம் பெற்று வேட்டையாட இடம் இருந்தது. 1991 திருத்தம் அதையும் எடுத்துவிட்டது. கொன்றால்தான் வேட்டை என்பதில்லை. கண்ணி வைப்பது, இரை போட்டு இழுப்பது, விரட்டுவது, ஏன், முயன்று பார்ப்பதுகூடச் சட்டத்தின் கண்ணில் வேட்டைதான். பிடிபட்டால் ஆயுதமும் வண்டியும் அரசுடைமை. வங்காநரி பிடித்த ஊர்களுக்கும் வனத்துறை அபராதம் போட்டது. காட்டுப்பன்றி பயிரைக் கிளறிப் போடும் வேதனை மலைக்காரர்களுக்கு உண்டு, அதைச் சின்னதாகப் பேசக் கூடாது. அதற்கும் 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு வழி சொன்னது: காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடலாம், ஆனால் சுடுவது வனத்துறை ஆட்கள் மட்டுமே. வில்லெடுத்துக் கிளம்ப அதிலும் இடமில்லை.

அப்படியானால் அந்தப் பையன் எங்கே தொடங்குவது? ராஜஸ்தானின் அஹாரி பழங்குடியைச் சேர்ந்த லிம்பா ராம் மூங்கில் வில்லால் பறவை அடித்துக்கொண்டிருந்த பிள்ளை. 1987-இல் இந்திய விளையாட்டு ஆணையத்தின் தேர்வில் கண்டெடுக்கப்பட்டு, மறு ஆண்டே சியோல் ஒலிம்பிக்கில் நின்றார். அதே மூங்கில் வில்லுக்கு நம் தேசியப் போட்டிகளில் தனிப் பிரிவே இருக்கிறது. இந்தியன் ரவுண்டு என்பார்கள். 30 மீட்டரும் 50 மீட்டரும் தூரம். காம்பவுண்டு வில்லின் விலையைக் கேட்டு மலைத்துப் போகும் குடும்பத்துக்கு இதுதான் சரியான நுழைவாயில்.

அன்று கையும் தோளும் சொன்னதை இன்று எண்கள் சொல்கின்றன. இரு கைகளையும் அகல விரித்து, விரல்நுனிக்கு விரல்நுனி அளந்து, 2.5-ஆல் வகுத்தால் நாணை இழுக்க வேண்டிய நீளம் ஏறத்தாழக் கிடைக்கும். 160 சென்டிமீட்டர் என்றால் 64, அதாவது 25 அங்குலம். அதற்கும் முன்னால் எந்தக் கண் ஆளும் கண் என்று பார்க்க வேண்டும். இரு உள்ளங்கைகளுக்கு இடையே சிறு துளை விட்டுத் தொலைவில் ஒரு பொருளைப் பார்த்து, ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணுக்குப் பொருள் நகராமல் நிற்கிறதோ, அந்தப் பக்கத்துக் கைதான் நாணை இழுக்க வேண்டும்.

வில்லின் இழுவிசையில்தான் ஆசை காரியத்தைக் கெடுக்கிறது. பதின்வயதுப் பிள்ளைக்கு 16 முதல் 20 பவுண்டு போதும். 40 பவுண்டில் தொடங்கினால் தோள் நடுங்கும், நடுக்கத்தை மறைக்க உடம்பு கோணும், கோணலே பழக்கமாகிவிடும். அம்பு இழுநீளத்தைவிட இரண்டு அங்குலமாவது கூடுதலாக இருக்கட்டும். குட்டையான அம்பு கைக்குள் விழுந்து கிழித்துவிடும். அம்பு வில்லுக்குச் செங்குத்தாக அமையும் புள்ளியிலிருந்து 3 முதல் 6 மில்லிமீட்டர் மேலே நாணில் அம்பின் வால்முனை பொருந்தும் இடத்துக்குக் குறி கட்ட வேண்டும். முன்கைக்குக் காப்பு, விரல்களுக்குத் தோல் உறை. அம்பில்லாமல் நாணை இழுத்து விடவே கூடாது. அம்போடு போக வேண்டிய விசை முழுவதும் வில்லுக்குள் திரும்பி அதை உடைத்துவிடும்.

ஆண்டுதோறும் ஆகஸ்டில் கொல்லிமலைச் செம்மேட்டில் நடக்கும் வல்வில் ஓரி விழாவில் வில்வித்தைப் போட்டி நடக்கிறது. அந்தப் போட்டிக்கு ஏற்காட்டு ஒன்றியத்திலிருந்தும் பிள்ளைகள் போக வேண்டும் என்பது என் பேராசை. அதற்குத் தேவை, மலையில் கிடைக்க அரிதான 30 மீட்டர் சமதளம், அம்பு தாண்டிப் போகாத மண்மேடு, பத்து மூங்கில் வில், சம்பளம் ஒழுங்காக வரும் ஒரு பயிற்சியாளர். பள்ளி மைதானங்களில் முதல் இரண்டுக்கும் இடம் பார்க்கலாம். மற்ற இரண்டுக்கும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் பழங்குடியினர் நலத்துறையும்தான் மனம் வைக்க வேண்டும்.