மூலமும் ஆசனவாய் வெடிப்பும்: களிம்பு மருந்துகளை அறிந்து பயன்படுத்துதல்

மக்களிடையே வழங்கும் 'மூலம்' என்னும் ஒரே சொல் பல நோய்களைக் குறிக்கின்றது. மலங்கழிக்கும்போது இரத்தம் கண்டாலும் மூலம்; எரிச்சல் கண்டாலும் மூலம்; ஆசனவாயின் ஓரத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டாலும் மூலம்; அரிப்பெடுத்தாலும் மூலமே. பெயர் ஒன்றாக இருப்பதால் மருந்தும் ஒன்றாகவே இருக்குமென்று எண்ணி, கடையில் 'மூலத்திற்குக் களிம்பு' என்று கேட்டு வாங்குவோர் பலர். அக்களிம்பில் என்னென்ன மருந்துகள் அடங்கியுள்ளன, அவை எந்த நோய்க்கு உரியவை, எத்தனை நாள் பயன்படுத்தத்தக்கவை என்பவற்றை வாங்குவோர் கேட்பதில்லை, விற்போர் சொல்வதுமில்லை. வெட்கமே இதற்குப் பெருங்காரணம். மருத்துவர் ஆடவர் என்பதற்காகவே இந்நோயை ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொள்ளும் பெண்டிர் உண்டு. மனைவியிடமும் வாய் திறவாத ஆடவரும் உண்டு. இத்தகையோர் முதன்முதலாக மனந்திறந்து பேசுவது பெரும்பாலும் ஊருக்கு வந்துபோகும் சுகாதார ஊழியரிடமோ, நன்கு பழகிய ஆசிரியரிடமோ ஆகும். அப்போது அவர்கள் சொல்லும் மறுமொழியைப் பொறுத்து நோயாளியின் நலம் அமைகின்றது.

ஆசனக் குழாய் என்பது பெருங்குடலுக்குப் பின் மலம் வெளியேறும் கடைசி வழியாகும். அதன் நீளம் சுமார் 4 சென்டிமீட்டர். அதனுள் பல்வரிசை போன்ற ஒரு கோடு உண்டு. அக்கோட்டிற்கு மேலுள்ள மென்சவ்வு வெட்டினாலும் கிள்ளினாலும் வலியை உணர்வதில்லை எனலாம். கோட்டிற்குக் கீழுள்ள தோலோ மிகக் கூரிய உணர்ச்சியுடையது. இவ்வொரு செய்தியை நினைவில் இருத்திக்கொண்டால் நோய்களைப் பிரித்தறிவதில் பாதி வேலை முடிந்துவிடும்.

கோட்டிற்கு மேலே, சவ்வின் அடியில், இரத்தக் குழாய்கள் நிறைந்த மெத்தை போன்ற தசைப்பஞ்சுகள் எல்லோருக்கும் பிறவியிலேயே உள்ளன. காற்றும் நீரும் கசியாதபடி வாயை மூடிவைக்க இவை உதவுகின்றன. மலச்சிக்கலால் முக்குவதாலும், கழிப்பறையில் நெடுநேரம் உட்காருவதாலும், கருப்பையின் அழுத்தத்தாலும் இம்மெத்தைகள் பருத்துச் சரிந்து இறங்குவதே உள்மூலம். (இந்நாளில் கைப்பேசியும் கையுமாகக் கழிப்பறைக்குள் செல்லும் வழக்கத்தையும் இதனோடு சேர்த்துக்கொள்ளலாம்.) உள்மூலத்தின் முதல் அறிகுறி வலியற்ற இரத்தப் போக்கு. செக்கச்செவேலென்ற இரத்தம், மலம் வெளிவந்தபின் சொட்டுச் சொட்டாகவோ பீய்ச்சியோ விழும். பருத்த மெத்தை வெளியே வாராதிருந்தால் முதல் நிலை. வந்து தானே உள்ளே சென்றால் இரண்டாம் நிலை. விரலால் தள்ளினால்தான் செல்லுமாயின் மூன்றாம் நிலை. தள்ளியும் செல்லாவிடில் நான்காம் நிலை. கோட்டிற்குக் கீழே, வெளி ஓரத்தில், இரத்தம் திடீரென உறைந்து நீலம் பாரித்த கட்டியாக எழுந்தால் கடும் வலி உண்டாகும். இது வெளிமூலம். முதல் 2, 3 நாட்களுக்குள் மருத்துவரிடம் சென்றால் உறைந்த இரத்தத்தை எளிதில் அகற்றிவிட முடியும். தவறினாலும் ஓரிரு வாரங்களில் பெரும்பாலும் தானே வற்றிவிடும்.

வெடிப்பு முற்றிலும் வேறானது. கெட்டிப்பட்ட மலம் வெளிவரும்போது கீழ்த்தோல் கிழிவதே வெடிப்பு. பெரும்பாலும் அது பின்புறத்தில், முதுகெலும்பின் நேர்க்கோட்டில் காணப்படும். கத்தியால் அறுப்பது போன்ற வலி மலங்கழிக்கும்போது தொடங்கி மணிக்கணக்கில் நீடிக்கும். இரத்தம் மிகுதியாக வாராது. மலத்தின் மேல் ஒரு கோடு போலவோ, துடைக்கும் துணியில் ஒரு கறை போலவோ காணும். ஆகவே, 'வலி உண்டா, இரத்தம் எவ்வளவு?' என்னும் இரண்டு கேள்விகளே நோயாளியை ஓரளவு வகைப்படுத்திவிடும்.

வெடிப்பு ஏன் எளிதில் ஆறுவதில்லை? உடலின் வேறெந்த இடத்திலாயினும் இவ்வளவு சிறிய கீறல் சில நாட்களில் ஆறிவிடும். இங்கோ, வலியைத் தாங்காமல் உட்புறச் சுருக்குத் தசை இறுகுகின்றது. இத்தசை நம் விருப்பத்திற்குக் கட்டுப்பட்டதன்று. தளர்த்த நினைத்தாலும் தளராது. அது இறுகியபோது அதனூடே தோலுக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறைகின்றது. பின்புற நடுக்கோட்டில் இரத்த ஓட்டம் இயல்பாகவே குறைவு. இரத்தம் குறைந்த புண் ஆறாது. ஆறாத புண் அடுத்த நாள் மலங்கழிக்கும்போது மறுபடியும் கிழிகின்றது. வலிக்கு அஞ்சி நோயாளி மலத்தை அடக்குகின்றார். அடக்கிய மலம் இன்னும் கெட்டிப்படுகின்றது. இச்சுழலை எங்கேனும் ஓரிடத்தில் அறுத்தாலன்றி வெடிப்பு ஆறாது. 6 முதல் 8 வாரங்களுக்கு மேல் நீடித்த வெடிப்பை நாட்பட்ட வெடிப்பு என்பர்.

களிம்புகளில் என்ன உள்ளது?

கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான மூலக் களிம்புகள் பலமருந்துக் கலவைகள். முதலாவது, மரப்பு மருந்து. 1943-இல் சுவீடன் நாட்டு வேதியியலார் நில்ஸ் லோஃப்கிரன் ஆக்கிய லிடோகெய்ன் என்னும் லிக்னோகெய்ன் இதில் முதன்மையானது. இது வலியை மறைக்கும், புண்ணை ஆற்றாது. மலங்கழிப்பதற்குச் சற்று முன் தடவுவது வெடிப்புள்ளவர்க்கு உதவும். வலியே இல்லாத உள்மூலத்திற்கு இதனால் பயனேது? மேலும், கிழிந்த தோலின் வழியாக இம்மருந்து இரத்தத்தில் கலக்கக் கூடுமாதலால், அடிக்கடியோ அளவுக்கு மிஞ்சியோ தடவுதல் தீங்காகும். சிலருக்கு இதனாலேயே தோல் ஒவ்வாமை தோன்றி அரிப்பு மிகும். அவர்கள் அரிப்புக்காக மேலும் களிம்பு தடவுவார்கள்.

இரண்டாவது, ஹைட்ரோகார்ட்டிசோன் போன்ற ஸ்டீராய்டு. இது வீக்கத்தையும் அரிப்பையும் விரைவில் தணிப்பதால் நோயாளிக்கு மிகப் பிடித்துவிடுகின்றது. இதில்தான் ஆபத்து உள்ளது. ஒரு வாரத்திற்கு மேல் தொடர்ந்தால் தோல் மெலிந்து எளிதில் கிழியும் தன்மையடைகின்றது. வெடிப்புக்கு மருந்து தேடியவர் வெடிப்பை வளர்த்துக்கொள்கின்றார். காளான் தொற்று, காசநோய்ப் புண், சீழ்க்கட்டி ஆகியவை இருக்குமிடத்தில் ஸ்டீராய்டு தடவலாகாது. நம் நாட்டில் ஆசனவாயைச் சுற்றிய படர்தாமரையை மூலமெனக் கருதி ஸ்டீராய்டு தடவிப் பரப்பிக்கொள்வோர் குறைவல்லர்.

துத்தநாக ஆக்சைடு போன்ற காப்புப் பொருள்களைப் பற்றி விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. இவை தீங்கு குறைந்தவை, பயனும் அளவானதே. இரத்தக் குழாய்களைச் சுருக்கும் ஃபெனைலெஃப்ரின் கலந்த களிம்பை மட்டும் உயர் இரத்த அழுத்தம், இதய நோய், தைராய்டு மிகைச் சுரப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் பயன்படுத்தலாகாது.

மேற்சொன்னவற்றுள் ஒன்றேனும் முன்னர்க் கூறிய சுழலை அறுப்பதில்லை. அதனைச் செய்வது வேறொரு மருந்து. அதன் வரலாறு சற்று வியப்பானது. 1847-இல் இத்தாலியில் அஸ்கானியோ சொப்ரேரோ என்பவர் கிளிசரினிலிருந்து நைட்ரோகிளிசரினை ஆக்கினார். வெடிமருந்தாகப் புகழ்பெற்ற பொருள் அது. அதைச் சிறிது நாவில் இட்டுப் பார்த்த சொப்ரேரோவுக்குக் கடுந்தலைவலி உண்டாயிற்று. 1879-இல் இலண்டன் மருத்துவர் வில்லியம் மரெல் அதை நெஞ்சுவலிக்கு மருந்தாகப் பயன்படுத்தி எழுதினார். உடலில் அது நைட்ரிக் ஆக்சைடாக மாறித் தசைகளைத் தளர்த்துகின்றது. அவ்வாயு இரத்தக் குழாய்களுக்கு அறிவிப்பாளாக இயங்குவதைக் கண்டறிந்ததற்காகவே ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவர்க்கும் 1998-இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. சுருக்குத் தசையும் அவ்வாறே தளர்கின்றது. இரத்த ஓட்டம் திரும்புகின்றது. புண் ஆறத் தொடங்குகின்றது. களிம்பில் அது 0.2 முதல் 0.4 விழுக்காடே இருப்பதால் வெடிக்குமோ என்ற அச்சம் வேண்டா.

1997-இல் இங்கிலாந்தில் லண்டு, ஸ்கோல்ஃபீல்டு ஆகியோர் நடத்திய ஆய்வில், 8 வாரம் இக்களிம்பைத் தடவியவருள் 68 விழுக்காட்டினர்க்கும், மருந்தில்லாக் களிம்பைத் தடவியவருள் 8 விழுக்காட்டினர்க்கும் வெடிப்பு ஆறிற்று. பின்னர்ப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது இவ்வேறுபாடு ஏறத்தாழ 49-க்கு 36 என்ற அளவிற்குக் குறுகிவிட்டது. மருந்து பயனுள்ளதே, ஆயினும் அற்புதமன்று. பயன்படுத்துவோருள் பலருக்குத் தலைவலி வருகின்றது. 2 விழுக்காடு டில்டியாசம் களிம்பு ஏறக்குறைய இதே பயனைக் குறைந்த தலைவலியுடன் தருவதால், நம் மருத்துவர் பலர் அதனையே எழுதித் தருகின்றனர்.

இவ்விரண்டும் மருத்துவர் சீட்டின்றி வாங்கத்தக்கவை அல்ல. நைட்ரோகிளிசரின் களிம்பு தடவுவோர், ஆண்மைக் குறைவுக்காக விற்கப்படும் சில்டெனாஃபில் வகை மாத்திரைகளை ஒருபோதும் உட்கொள்ளலாகாது. இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தாகும் அளவிற்கு விழுந்துவிடக் கூடும். அம்மாத்திரை உட்கொள்வதை எவரும் தாமாகச் சொல்லார். ஊழியர் தனிமையில் கேட்டறிய வேண்டும். குறைந்த இரத்த அழுத்தம் உள்ளவர், கருவுற்றோர், பாலூட்டுவோர், சிறுவர் ஆகியோர்க்கும் இது ஏற்றதன்று.

தடவும் முறை

வெந்நீரில் அமர்தல் முதற்படி. அகன்ற தொட்டியில் பொறுக்கும் சூட்டில் நீர் நிரப்பி 10 முதல் 15 நிமிடம் அமர்ந்தால் தசை ஓரளவு தளரும். உப்போ கிருமிநாசினியோ கலக்க வேண்டியதில்லை. மெதுவாக ஒற்றித் துடைத்த பின், விரலில் உறை அணிந்து, பட்டாணி அளவு களிம்பை ஓரத்திலும் சற்று உள்ளேயும் தடவவேண்டும். நகத்தால் புண் கீறாமலிருப்பதற்காக மட்டும் உறை அணியச் சொல்லவில்லை. நைட்ரோகிளிசரின் விரல் தோலின் வழியாகவும் உடலில் ஏறித் தலைவலி தரும். அதனைப் படுத்தோ அமர்ந்தோ தடவி, சற்று நேரம் கழித்தே எழவேண்டும். சட்டென எழுந்தால் மயக்கம் வரலாம். உள்மூலத்திற்குக் களிம்பைச் செலுத்தக் குழலோடு வரும் நீண்ட முனையை வெடிப்புள்ளவர் பயன்படுத்தலாகாது. அது புண்ணை மீண்டும் கிழிக்கும். நாளைக்கு 2 வேளை, மருத்துவர் குறித்த வாரங்கள் முடியும்வரை தடவவேண்டும். வலி நின்றதும் நிறுத்திவிடுவதே வெடிப்பு திரும்புவதற்குப் பெருங்காரணம். ஒருவர் குழலை மற்றொருவர் பயன்படுத்தலாகாது. எண்ணெய்ப் பசையுள்ள களிம்புகள் இரப்பர் உறைகளைப் பழுதாக்கும் என்பதைக் குடும்பநல ஊழியர்கள் குறித்துக்கொள்வார்களாக.

எக்களிம்பாயினும், மலம் இளகாவிடில் உழைப்பு வீணே. கீரை, பருப்பு, பழம், தீட்டாத தானியம் ஆகியவற்றோடு போதிய நீரும் வேண்டும். குஜராத்திலும் இராஜஸ்தானிலும் பயிராகும் இசப்பகோல் உமி மலிவானது. நல்ல பயன் தருவது. அதனை ஒரு பெரிய குவளை நீரில் கலந்து உடனே பருகவேண்டும். நீர் குறைந்தால் அது தொண்டையிலேயே ஊதி அடைத்துக்கொள்ளும். மூன்றாம், நான்காம் நிலை மூலத்தைக் களிம்பு கரைக்காது. மருத்துவமனையில் இரப்பர் வளையமிடுதலோ அறுவையோ தேவைப்படும்.

இனி, இக்கட்டுரையில் எதை மறந்தாலும் மறக்கலாகாத செய்தி ஒன்று உண்டு. ஐம்பது வயதான உழவர் ஒருவர், இரத்தம் போகின்றதென்று களிம்பு வாங்கித் தடவுகின்றார் என வைத்துக்கொள்வோம். இரத்தம் சில நாள் நிற்கின்றது, மறுபடி வருகின்றது. நோய் களிம்புக்குக் கட்டுப்படுவதாக எண்ணி ஓராண்டைக் கழிக்கின்றார். இதற்கிடையில் உடல் மெலிகின்றது. படியேறினால் மூச்சு வாங்குகின்றது. இத்தகையவருக்குப் பெருங்குடலின் கீழ்ப்பகுதியில் புற்றுநோய் இருக்கக்கூடும். அதுவும் முதலில் வலியின்றி இரத்தமாகவே வெளிப்படுகின்றது. மருத்துவர் உறையணிந்த விரலால் ஒரு நிமிடம் சோதித்தாலே பல நேரங்களில் தட்டுப்படும் நோய் அது. ஆகவே 40 வயதுக்கு மேற்பட்டவர்க்குப் புதிதாக இரத்தம் கண்டாலும், மலம் கருத்தோ சளி கலந்தோ வந்தாலும், மலங்கழிக்கும் வழக்கம் வாரக்கணக்கில் மாறியிருந்தாலும், உடல் மெலிவு, சோகை, காய்ச்சல், சீழ் ஆகியவற்றுள் ஏதேனும் காணப்பட்டாலும் களிம்பைக் கையில் கொடாமல் மருத்துவமனைக்கு அனுப்புதலே கடமை. வெடிப்பு நடுக்கோட்டில் இல்லாமல் பக்கவாட்டில் இருந்தால் காசநோய் முதலிய வேறு காரணங்களை மருத்துவர் ஆராய்வார்.

ஆசிரியர்களுக்குத் தனியாக ஒன்று கூறவேண்டும். சிறுவர்க்கு மலத்தோடு இரத்தம் காண்பது பெரும்பாலும் வெடிப்பினாலேயே. இரவில் அரிப்பு மிகுந்தால் கீரைப்பூச்சியை ஐயுறலாம். பள்ளிக் கழிப்பறை தூய்மையின்றியோ தாழ்ப்பாளின்றியோ இருந்தால் பிள்ளைகள், சிறப்பாகப் பெண் குழந்தைகள், நாள் முழுதும் மலத்தை அடக்குகின்றனர். போகாமலிருப்பதற்காகவே நீர் குடிப்பதையும் குறைக்கின்றனர். வகுப்பில் நெளிந்து உட்காரும் பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன் இதனையும் எண்ணிப் பார்த்தல் நன்று. பெரியோர்க்குரிய களிம்பைச் சிறுவர்க்குத் தடவலாகாது. மலத்தை இளக்கும் மருந்தை மருத்துவர் அளவு குறித்துத் தருவார். நீர் நிறைந்த வாளியும் உள்ளே தாழ்ப்பாளும் உள்ள கழிப்பறையைப் பள்ளிதான் தரவேண்டும்.