சைக்கிளில் சந்தியாகப்பர் வழி

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், கலீசியா பகுதியில் உள்ள நகரம் சாந்தியாகோ தே கொம்போஸ்தேலா. தமிழ்க் கத்தோலிக்கர் சந்தியாகப்பர் என்று போற்றும் திருத்தூதர் பெரிய யாக்கோபின் கல்லறை அந்நகரப் பேராலயத்தில் இருப்பதாக மரபு. 9ஆம் நூற்றாண்டில் அது கண்டறியப்பட்டதாகச் சொல்லப்பட்ட நாளிலிருந்து ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் அங்கே நடந்து செல்கிறார்கள். இந்த வழிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘கமினோ’ என்று பெயர். அதிகம் பேர் செல்வது ‘பிரெஞ்சு வழி’. அது பிரான்சின் எல்லையோர ஊரான சான் ழான் பியே தெ போரில் தொடங்கி, பிரனீஸ் மலையைத் தாண்டி, ஏறத்தாழ 780 கிலோமீட்டர் ஓடுகிறது. 1993இல் ஸ்பெயினில் உள்ள இவ்வழி யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 2023இல் மட்டும் சுமார் 4,46,000 பேர் யாத்திரையை முடித்துப் பேராலய அலுவலகத்தில் பதிவு செய்தார்கள். அவர்களில் ஏறத்தாழ இருபதில் ஒருவர் சைக்கிளில் வந்தவர். அவருக்கு அங்கே ‘பிசிக்ரினோ’ என்று செல்லப்பெயர். அதில் லேசான கேலியும் கலந்திருக்கிறது.

நடந்து போகிறவர் நாளொன்றுக்கு 20 முதல் 25 கிலோமீட்டர் கடக்கிறார். எல்லோரும் ஏறக்குறைய அதே அளவு நடப்பதால், காலையில் பார்த்த முகமே மாலையில் தங்கும் இடத்திலும் இருக்கும். அடுத்த வாரமும் இருக்கும். ஒரு மாதத்துக்கு மேல் இப்படிப் போகும்போது அந்நியர்கள் ஒரு குடும்பம் போல ஆகிவிடுகிறார்கள். ‘கமினோ குடும்பம்’ என்றே அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். சைக்கிளில் போகிறவருக்கு இது வாய்ப்பதில்லை. அவர் ஒரு நாளில் 50, 60 கிலோமீட்டர் ஓட்டி, இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுகிறார். காலையில் காப்பிக்கடையில் அறிமுகமானவர் மாலைக்குள் ஓரிரு நாள் நடைக்குப் பின்னால் இருப்பார். ஒவ்வொரு இரவும் முற்றிலும் புதிய கூட்டம். இதை இழப்பாகச் சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் இனி பார்க்கப் போவதில்லை என்று தெரிந்த ஒருவரிடம் மனிதர்கள் சீக்கிரம் மனம் திறக்கிறார்கள் என்பதும் இந்த வழியில் பலர் கண்டது. “எங்கிருந்து வருகிறீர்கள்?” என்பதற்கு அடுத்த கேள்வியே “எதற்காக வந்தீர்கள்?” என்பதுதான். இறந்துபோன தாய்க்காக, நோயிலிருந்து பிழைத்ததற்கு நன்றியாக, வேலையை விட்ட குழப்பத்தில் என்று பதில்கள் வருகின்றன. எந்த நேர்ச்சையும் இல்லாமல் சும்மா வந்தேன் என்பவர்களும் நிறைய.

பகலில் நடப்பவரும் சைக்கிள்காரரும் உண்மையில் சந்திப்பது ஏற்றங்களில்தான். கலீசியாவின் வாசலான ஓ செப்ரெய்ரோ சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு முந்தைய ‘க்ருஸ் தே ஃபெர்ரோ’ என்ற இரும்புச் சிலுவை சுமார் 1,500 மீட்டரில். யாத்ரிகர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த கல்லைப் போட்டுப் போட்டுச் சிலுவையடியில் ஒரு குன்றே எழுந்துவிட்டது. இந்தச் சரிவுகளில் சுமை ஏற்றிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவரும் நடப்பவரும் ஒரே வேகம். பேச்சு அங்கேதான் தொடங்கும். இறக்கத்தில் நிலைமை தலைகீழ். பின்னாலிருந்து சத்தமில்லாமல் பாயும் சைக்கிள் நடப்பவர்களைப் பதற வைக்கிறது. மணியடித்து, வேகம் குறைத்து, ‘புவென் கமினோ’ என்று வாழ்த்திக்கொண்டே கடப்பதுதான் மரியாதை. அதைச் செய்யாத ஒருவரால், அன்று பின்னால் வரும் எல்லாச் சைக்கிள்காரர்களுக்கும் முறைப்புதான் கிடைக்கும். பஞ்சரும் அறுந்த சங்கிலியும் வேறு வகை அறிமுகங்களைத் தருகின்றன. குடிநீர்க் குழாயடியில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருப்பவரிடம், மொழி தெரியாவிட்டாலும் ஊர்க்காரர் யாராவது வந்து நின்றுவிடுவார்.

மாலையில் தங்குவது ‘ஆல்பெர்கே’ எனப்படும் யாத்ரிகர் விடுதியில். இதன் வேர் பழையது. வருகிற விருந்தினரைக் கிறிஸ்துவாகவே எண்ணி ஏற்க வேண்டும் என்பது 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவியருக்கு வகுத்த விதி. 12ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ‘கொதெக்ஸ் கலிக்ஸ்தினுஸ்’ நூலில் ஒரு பகுதி இந்த யாத்திரைக்கான வழிகாட்டி. ஏழையோ பணக்காரரோ, யாத்ரிகரை அன்போடு ஏற்பது கடமை என்று சொல்லித்தான் அது முடிகிறது. பிரனீஸைத் தாண்டியதும் வரும் ரொன்செஸ்வாயெஸில் அந்த நூற்றாண்டிலிருந்தே யாத்ரிகர் விடுதி உண்டு. இன்றும் அங்கே மாலைத் திருப்பலி முடிவில் யாத்ரிகர்களுக்கு ஆசீர் வழங்குகிறார்கள்.

இந்த விருந்தோம்பலில் சைக்கிள்காரருக்குக் கடைசி இடம். நகராட்சியும் பங்கு ஆலயங்களும் நடத்தும் பல விடுதிகளில், நடந்து வந்தவர்களுக்குப் படுக்கை கொடுத்து மீந்தால்தான், அதுவும் மாலை சாய்ந்த பிறகுதான், சைக்கிளில் வந்தவருக்கு. பாகுபாடு என்று முணுமுணுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இடமில்லை என்றால் அடுத்த ஊருக்குப் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிடச் சைக்கிள்காரரால் முடியும். கால் கொப்பளித்துப்போய் வந்தவரால் முடியாது. விதி நியாயமானதுதான். காத்திருக்க மனமில்லாதவர் முன்பதிவு செய்யும் தனியார் விடுதிக்குப் போகிறார்.

விடுதியைப் பார்த்துக்கொள்பவர் ‘ஓஸ்பிதலேரோ’. பல இடங்களில் இவர், தாமும் முன்பு இந்த யாத்திரை செய்தவர். சம்பளமின்றி ஓரிரு வாரம் தொண்டு செய்ய வந்திருப்பவர். கிரன்யோன் என்ற சிற்றூரில் ஆலயக் கட்டடத்திலேயே தரையில் மெத்தை விரித்துத் தங்கலாம். கட்டணம் இல்லை, முடிந்ததைப் பெட்டியில் போடலாம், தேவைப்பட்டவர் அதிலிருந்து எடுத்தும் கொள்ளலாம். வந்தவர்களே காய் நறுக்கி, சமைத்து, நீள மேசையில் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். பிறகு விருப்பமுள்ளவர்களுக்குச் செபம். கர்ரியோன் தே லோஸ் கோந்தெஸில் அகுஸ்தீன் சபை அருட்சகோதரிகள் கிட்டாருடன் பாடி, ஒவ்வொருவரிடமும் எங்கிருந்து, எதற்கு என்று கேட்கிறார்கள். எம்மாவு ஊருக்குச் சென்ற சீடர்கள் இருவர், வழியெல்லாம் கூட வந்த அந்நியரை அப்பம் பிட்கும் வேளையில்தான் இயேசுவென்று அறிந்துகொண்டதாக லூக்கா நற்செய்தி சொல்கிறது. சைக்கிள் யாத்ரிகருக்கும் சாலையைவிட மேசையே அதிகம் பேரை அறிமுகப்படுத்துகிறது.

வழி தவறாமல் காக்கும் மஞ்சள் அம்புக்குறிகள்கூட ஒரு தனி மனிதரின் உபசாரம்தான். ஓ செப்ரெய்ரோவின் பங்குத்தந்தை எலியாஸ் வலீன்யா, 1980களில் பெயிண்ட் டப்பாக்களோடு காரில் கிளம்பி, பிரெஞ்சு வழி நெடுக அவற்றை வரையத் தொடங்கினார். அப்போது ஆண்டுக்குச் சில ஆயிரம் பேர்கூட இந்த வழியில் வரவில்லை.

யாத்ரிகர் அட்டையில் விடுதிகளிலும் ஆலயங்களிலும் முத்திரை பெற்றுக்கொண்டே வர வேண்டும். நடப்பவர் குறைந்தது 100 கிலோமீட்டரும், சைக்கிளில் வருபவர் 200 கிலோமீட்டரும் கடந்திருந்தால் ‘கொம்போஸ்தேலா’ என்ற இலத்தீன் சான்றிதழ் கிடைக்கும். அதனால் நேரமில்லாத சைக்கிள்காரர்கள் பலர் பொன்ஃபெர்ராதா நகரிலிருந்தே தொடங்குகிறார்கள். வந்த நோக்கத்தையும் அலுவலகத்தில் கேட்கிறார்கள். சமய நோக்கமோ ஆன்மிகத் தேடலோ இல்லை என்பவருக்கு வேறொரு சான்றிதழ். பேராலயத்தின் முன்னுள்ள ஒப்ரதோய்ரோ சதுக்கத்தில், ஒரு மாதம் ஒன்றாக நடந்தவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுவார்கள். சைக்கிளில் வந்தவருக்கு அந்தக் கூட்டத்தில் தெரிந்த முகம் அநேகமாக இருக்காது. அவரோடு மேசையில் அமர்ந்தவர்கள் இன்னும் ஓரிரு வாரம் கழித்துத்தான் வந்து சேர்வார்கள். அதற்குள் அவர் யாத்ரிகர் திருப்பலியில் பங்கேற்று, சைக்கிளை ஸ்பெயின் தபால் துறையிடம் கொடுத்துப் பெட்டிகட்டி அனுப்பிவிட்டு, ஊருக்கு ரயிலேறியிருப்பார்.