அலமாரியில் ஒரு துப்பாக்கி

திண்டிவனத்தையடுத்த எமது நிலக்கடலைக் கொல்லையில் காட்டுப்பன்றிகள் புகுந்தபோது, வெடியோசையால் விரட்டலாமென்று உரிமம் பெற்றுத் துப்பாக்கி வாங்கினோம். பன்றிகள் அஞ்சினவோ இல்லையோ, ஒருநாள் எம் பேரன் அலமாரித் தாழ்ப்பாளைத் தொட்டு நின்றதைக் கண்டோம். அன்றிரவு உறக்கமில்லை.

விற்றால் விளைச்சல் என்னாகும்? 1956 ஜனவரியில் அமெரிக்காவின் மாண்ட்கோமரியில் தம் வீட்டின்மீது வெடிகுண்டு வீசப்பட்டபின், போதகர் மார்ட்டின் லூதர் கிங்கும் துப்பாக்கி உரிமம் கோரினார்; கிடைக்கவில்லை. பின்னர், வீட்டிலிருந்த ஆயுதத்தையும் அகற்றிவிடத் துணைவியாரோடு கூடி முடிவெடுத்தார். அவரை அச்சுறுத்தியோர் மனிதர், எம்மை, பன்றிகளே!

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, விற்பதற்கு 45 நாள்களுக்கு முன்னரே எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். விழுப்புரம் ஆட்சியருக்கு மடல் அனுப்பிவிட்டோம். அதுவரை தோட்டா வேறு, துப்பாக்கி வேறாகப் பூட்டி, திறவுகோலை இடுப்பில் முடிந்திருக்கிறோம். கொல்லைக் காவலுக்கு இனித் தகர டப்பாவும் டார்ச் விளக்குமே.