ஒரு தகடு, கூடுதலாக 35 துண்டுகள்

லேசர் கட்டிங்குக்கு விலை பேசும்போது முதல் கேள்வி மெஷின் எத்தனை கிலோவாட் என்பதுதான். ஆனால் காசு அதிகம் கரைவது தகட்டில். ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

தகடு: 3 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்), 2500 × 1250 மி.மீ., எடை 73.6 கிலோ. கிலோ ரூ.60 என்று வைத்தால் ரூ.4,416.
துண்டு: 100 மி.மீ. சதுரம், 10 மி.மீ. துளைகள் நான்கு.
மெஷின்: 2 கிலோவாட் ஃபைபர் லேசர், ஆக்சிஜனில் நிமிடத்துக்கு 3 மீட்டர். எல்லாச் செலவும் சேர்த்து மணிக்கு ரூ.1,500 என்று கொள்வோம்.

முறை 1: துண்டுகளுக்கு நடுவே 5 மி.மீ. இடைவெளி, தகட்டு ஓரம் 10 மி.மீ.
துண்டுகள்: 23 × 11 = 253
வெட்டும் நீளம்: 133 மீட்டர்
நேரம்: 44.3 நிமிடம், ரூ.1,108
துண்டுகள் போக மிச்சம்: 15.9 கிலோ
துண்டு ஒன்றுக்கு: ரூ.21.83

முறை 2: இடைவெளி இல்லை, அடுத்தடுத்த துண்டுகளுக்கு ஒரே வெட்டு. ஓரம் அதே 10 மி.மீ., வெட்டின் அகலம் 0.2 மி.மீ.
துண்டுகள்: 24 × 12 = 288
வெட்டும் நீளம்: 97.5 மீட்டர்
நேரம்: 32.5 நிமிடம், ரூ.812
மிச்சம்: 7.9 கிலோ
துண்டு ஒன்றுக்கு: ரூ.18.15

துளைபோடத் தொடங்கும் நேரம், வெட்டாமல் தலை நகரும் நேரம், ஸ்கிராப் விற்ற காசு ஆகியவை இதில் இல்லை. இருந்தும் துண்டுக்கு ரூ.3.68, ஏறத்தாழ 17 விழுக்காடு மிச்சம். துண்டு கூடுகிறது, வெட்டு குறைகிறது.

மெஷின் வகையால் மின்சாரத்தில் வரும் வித்தியாசத்தையும் பார்ப்போம். கார்பன் டை ஆக்சைடு லேசரில் உள்ளே போகும் மின்சாரத்தில் சுமார் 10 விழுக்காடுதான் கதிராகிறது. ஃபைபரில் 30 விழுக்காட்டுக்கு மேல். முறை 1-இன் 44 நிமிட வேலைக்கு, லேசரைக் குளிர்விக்கும் சில்லர் நீங்கலாக, வித்தியாசம் ஏறக்குறைய 10 யூனிட். யூனிட் ரூ.8 என்றால் ரூ.80. கூடுதலாகக் கிடைத்த 35 துண்டுகளின் தகட்டு விலையோ ரூ.611.

ஒரே வெட்டு எல்லா வேலைக்கும் ஒத்துவராது. நேர்கோட்டு ஓரங்கள் வேண்டும். வெட்டி முடிந்த சதுரம், தகட்டைத் தாங்கும் பற்களுக்கு நடுவே சாய்ந்து எழுந்தால் வெட்டும் தலையின் நாசில் அதில் மோதும். அதனால் ஓரத்தில் அரை மி.மீ. அளவுக்கு வெட்டாமல் விட்டு, பிறகு கையால் உடைத்து, தேய்த்துச் சரிசெய்ய வேண்டும். வெட்டும் வரிசையையும் சூடு ஒரே இடத்தில் சேராதபடி அமைக்க வேண்டும். இந்தக் கூலியையும் கணக்கில் எழுதுங்கள்.

அதனால் வேலை கொடுப்பவர்கள் விலைப்பட்டியலோடு, தகட்டில் துண்டுகளை அடுக்கியிருக்கும் விதத்தைக் காட்டும் நெஸ்டிங் படத்தையும் கேட்டு வாங்க வேண்டும். தகட்டுக்கு எத்தனை துண்டு, எத்தனை மீட்டர் வெட்டு: இந்த இரண்டு எண்களும் கையில் இருந்தால்தான் பேரம் நியாயமாக நடக்கும்.