சொத்து வரி பாக்கியா? வட்டி ஏறுது, உஷார்!

சென்னையில் சொந்த வீடு வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கு 2 முறை மாநகராட்சிக்கு சொத்து வரி கட்ட வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை முதல் அரையாண்டு. அக்டோபர் முதல் மார்ச் வரை 2-வது அரையாண்டு.

அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. இது அதிகபட்சம் ரூ.5 ஆயிரம். கெடு தாண்டினால் மாதம் 1 சதவீதம் தனி வட்டி.

உதாரணமாக, அரையாண்டு வரி ரூ.2 ஆயிரம் என்றால், சீக்கிரம் கட்டுபவருக்கு ரூ.100 மிச்சம். ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விட்டால் மாதம் ரூ.20 ஏறும். ஒரு வருஷத்தில் ரூ.240. அதற்குள் அடுத்த அரையாண்டு வரியும் வந்து நிற்கும்.

பழைய பாக்கி எவ்வளவு என்பதை மாநகராட்சி இணையதளத்தில் பில் எண்ணைப் போட்டு பார்க்கலாம். ஏற்கனவே கட்டிய பணம் பாக்கியாக காட்டினால், ரசீதுடன் மண்டல அலுவலகத்துக்கு போய் சரி செய்ய வேண்டும். ரசீதை தூக்கிப் போட்டுவிடக் கூடாது.

பழைய வீடு வாங்குபவர்கள் பத்திரம் முடிக்கும் முன்பே பாக்கியை பார்த்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் வரியை தங்கள் பெயருக்கு மாற்றப் போகும்போது அந்த சுமை இவர்கள் தலையில்தான் விழும்.

இன்னொரு விஷயம். தண்ணீர் வரி இதில் சேராது. அதை குடிநீர் வாரியத்துக்கு தனியாக கட்ட வேண்டும்.